ஓர் ஆளுக்கான வேகம்

திரும்பி வரும்போது பதின்மூன்று விநாடி அதிகமாகியிருந்தது.

ஸம்பத்குமார் ஸ்டாப்வாட்சைக் காதோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். எஞ்சின் இரைச்சலில் அதன் துடிப்புக் கேட்கவில்லை. முள் மட்டும் அவர் அமுக்கி நிறுத்திய இடத்தில் பிடிவாதமாக நின்றது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தின் ஓட்டுக்கூரை விமானத்துக்கு அடியில் மெல்ல நழுவிப் போனது. உயரம் மூவாயிரம் அடி. எஞ்சின் சுழற்சி போன வாரம் வைத்த அதே எண்ணில். காற்றும் இல்லை. ஆலைகளின் புகை அங்கங்கே கம்பம் நட்டதுபோல் நேராக எழுந்து நின்றது. ரயில் நிலையத்திலிருந்து பழவேற்காடு கலங்கரை விளக்கம் பதினாலு மைல். போகும்போது ஏழு நிமிடம் முப்பத்தெட்டு விநாடியில் போனவர், அதே வழியில், அதே உயரத்தில் திரும்பும்போது பதின்மூன்று விநாடி பின்தங்கியிருந்தார்.

மணிக்கு நூற்றுப்பத்து மைல் போன விமானம் நூற்றேழில் திரும்பியிருக்கிறது. மூன்று மைல் ஒன்றும் பெரிய விஷயமில்லை. தூக்கமில்லாத கை பட்டனைக் கொஞ்சம் தாமதமாக அமுக்கியிருக்கலாம். ஆனால் பதின்மூன்று விநாடி தாமதமாக எந்தக் கையும் அமுக்காது.

அவரை உறுத்தியது இன்னொன்று. ஏரியின் மேல் திரும்பிய பிறகு விமானத்தின் மூக்கு லேசாக மேலே தூக்கிக்கொண்டே இருந்தது. இருக்கைக்குப் பக்கத்திலிருந்த ட்ரிம் சக்கரத்தை இரண்டு பல் முன்னால் தள்ளிய பிறகுதான் சமமாக நின்றது. பின் இருக்கையில் ஆள் ஏறினால் அப்படித்தான் தள்ள வேண்டியிருக்கும்.

பின் இருக்கை காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்துத்தான் அதை உறுதி செய்துகொண்டார். பிறகு, எதற்காகத் திரும்பிப் பார்த்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஸம்பத்குமாருக்கு நாற்பத்திரண்டு வயது. திருவள்ளூரில் கோயில் கைங்கரியத்தில் இருந்த குடும்பம். அண்ணன்மார் இருவரும் இன்னும் அதில்தான் இருக்கிறார்கள். அவர் மட்டும் இருபது வயதில் மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டப் படித்தார். விமானியாகும் ஆசை அப்பா காலமானதோடு முடிந்துபோய், கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த இரும்பு ஆலையில் பராமரிப்பு எஞ்சினியராகச் சேர்ந்தார். முதலாளி பூவராகவன் ஒரு செழிப்பான வருடத்தில், நாலு பேர் உட்காரக்கூடிய அந்தச் சின்ன விமானத்தை வாங்கிப் போட்டார். பொன்னேரிப் பக்கத்து ஆரணிக்கு அப்பால் போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளத்தில் அதற்கு ஒரு தகரக் கொட்டகை எழும்பியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை ஓட்டுகிற வேலை ஸம்பத்குமாருக்கு வந்தது. முதல் இரண்டு வருடம் அது வேலையாகவே தெரியவில்லை.

இப்போது பெட்ரோல் விற்கிற விலையில் முதலாளி அதை விற்கத் தீர்மானித்துவிட்டார். வாங்க வந்தவர் குன்னூரில் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர், விவரமானவர். புத்தகத்தில் போட்டிருக்கும் வேகத்தை நம்ப மாட்டாராம். ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டி அளந்து, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார். புத்தகம் சொன்னது இதுதான்: பாதி டாங்க் பெட்ரோல், ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும், மூவாயிரம் அடி, மணிக்கு நூற்றுப்பத்து மைல். முதல் ஞாயிறு அப்படியே வந்தது, மாறாமல். இது இரண்டாவது ஞாயிறு.

மின்வெட்டு காரணமாக ஆலைக்கு இரவில்தான் கரண்ட் விட்டார்கள். அதனால் ஆலை இரவில் ஓடியது, அவரும் இரவில் ஓடினார். பகலில் தூங்கலாம் என்று படுத்தால் உடம்பு மட்டும் படுக்கும். கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் ஒரு அரிப்பு மூன்று மாதமாக இருந்தது. மேலே போனால் அது கொஞ்சம் விலகும் என்பதுதான் ஞாயிற்றுக்கிழமையில் மிச்சமிருந்த ஒரே சுகம்.

இறங்கியதும் தானியேலிடம் சொன்னார். தானியேல் ஆலையில் ஃபிட்டர். தாம்பரம் விமானத் தளத்தில் ஆறு வருடம் எஞ்சின் கழுவி, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவன். விமானத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். அன்றைக்கு அவன் சவரம் செய்திருக்கவில்லை. கண் சிவந்து வீங்கியிருந்தது.

"எஞ்சின் நல்லாத்தான் கீது சார். காலைல கூட ப்ளக்கு கழட்டித் தொடச்சி மாட்டுனேன்," என்றான். பிறகு கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "சார், உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லு."

"என் மச்சான், என் சம்சாரம் கிரேசோட அண்ணன் ஆசீர்வாதம். நம்ம மில்லுலதான் கேசுவலா இருந்தான். கரண்டு இல்லன்னு வேலய வுட்டு நிறுத்திட்டாங்க இல்ல, சும்மா குந்திகினு இருக்க வேணாம்னு போன ஞாயித்துக்கெழம ரெண்டு பேரோட எறா புடிக்க ஏரிக்குப் போனான். இவனுங்களுக்கு இன்னா தெரியும் படகப் பத்தி? கவுந்திடுச்சி. வெறும் படகு மட்டும் கரைக்கு வந்துகீது. ஆளுங்கள காணோம்."

ஸம்பத்குமார் அளவு குறிக்கத் தொடையில் கட்டியிருந்த அட்டையின் வாரை அவிழ்த்தார். விரல்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டன.

"அன்னிக்கு நீங்க மேல போயிருந்தீங்களே சார். சாயந்தரம் நாலு, நாலரை இருக்கும். எதுனா கண்ணுல பட்டுதா?"

"இல்லையே தானியேல்," என்றார் ஸம்பத்குமார். "நான் ஒண்ணும் பாக்கலை."

பார்த்திருந்தார். ஏரியின் நடுவே, வெயில் பட்டுத் தகரம்போல் மின்னிய தண்ணீரில், கவிழ்ந்த படகின் கறுத்த முதுகில் மூன்று பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்து நின்று சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. வட்டமடித்தால் அளவு கெட்டுவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு இன்னும் அரை மணி நேரம் விழித்திருக்க வேண்டும். இரண்டு இரவாகக் கண்ணை மூடாத மனிதருக்கு அந்த அரை மணி மலைபோல் தெரிந்தது. இறங்கியதும் பொன்னேரி போலீசுக்குப் போன் பண்ணச் சொல்லலாம் என்று நினைத்தார். உண்மையாகவே நினைத்தார். இறங்கி, ஷூவின் கயிற்றைத் தளர்த்த விமானத்தின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவர், அப்படியே தூங்கிப்போனார். விழித்தபோது இருட்டிவிட்டிருந்தது. யாரோ அவர் மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிட்டிருந்தார்கள். அது தானியேல்தான்.

ஏரியில் எத்தனையோ படகு, யாராவது பார்த்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை மிதித்துக் கிளப்பித் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தார். மறுநாள் இரவு ஆலையில் ரோலர் தாங்கி உடைந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று.

"பாடி கெடைச்சா பொதச்சிடலாம் சார்," தானியேல் சொல்லிக்கொண்டிருந்தான். "கிரேசு அத்தத்தான் கேட்டுகினு கீது. சோறு தண்ணி எறங்கல அதுக்கு."

மூன்றாவது ஞாயிறு. மேலே ஏறியதிலிருந்தே மூக்கு தூக்கியது. போகும்போதே நூற்றேழுதான். ஆக, அந்தக் கனம் போன வாரத்தோடு இறங்கிப் போகவில்லை. கொட்டகையில் ஆறு நாள் காத்திருந்து, அவரோடு கிளம்பி வந்திருக்கிறது. அப்படி நினைத்த மாத்திரத்தில் அந்த நினைப்பை அவர் உதறினார். இறக்கையில் அழுக்கு இருக்கலாம். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

ஏரி வந்தது. வடகிழக்கு மழை நிரப்பிவிட்டுப் போன பழுப்புத் தண்ணீர், நடுநடுவே மணல் திட்டுகள், திட்டுகளில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் பறவைகள். அவர் கீழே பார்க்கவில்லை. கலங்கரை விளக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போய், அதைச் சுற்றித் திரும்பி, ஏரியின் நடுவுக்கு வந்தபோது விமானம் ஒரு தடவை மெத்தென்று கீழே அமுங்கியது. காற்றின் குழியில் விழுகிற உதறல் இல்லை அது. நின்றிருக்கும் மாட்டுவண்டியில் பின்பக்கம் ஒருவர் ஏறி உட்காரும்போது வண்டி அமுங்குமே, அதுபோல. பின்னால் இருக்கையின் ஸ்பிரிங் முனகியது. எஞ்சின் சத்தத்தில் ஸ்பிரிங் முனகல் கேட்க வாய்ப்பே இல்லை. ஆனால் கேட்டது. கூடவே வாடை வந்தது. கழிமுகச் சேறு, ஊறிய வலை, இறால் தோல் அழுகிய நாற்றம், அதற்கெல்லாம் அடியில் நனைந்த காக்கித் துணியின் வாடை. ஆலையில் மழைக்கால இரவில் ஷிஃப்டு மாறும்போது வாசலில் அடிக்கிற வாடை.

ட்ரிம் சக்கரம் இன்னும் இரண்டு பல். நூற்றைந்து.

இறங்கியதும் தானியேல் பின் கதவைத் திறந்து, இருக்கைக்குக் கீழே குனிந்தான். துணியால் துடைத்துப் பிழிந்தான். துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

"மழத் தண்ணி இல்ல சார். உப்பு கரிக்குது."

"ஏரிக்கு மேல தாழப் பறந்தேன். ஈரக் காத்து."

"மூணாயிரம் அடிலயா சார்?" என்றான் தானியேல். குற்றம் சொல்லும் குரல் இல்லை. புரியாமல்தான் கேட்டான்.

அந்த வாரம் தானியேல் சும்மா இருக்கவில்லை. ஆலையில் பழைய இரும்பு நிறுக்கும் மேடைத் தராசு மூன்றை லாரியில் கொண்டுவந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாக வைத்து விமானத்தை நிறுத்தினான். மூன்று எண்ணையும் கூட்டிப் பார்த்தார்கள். புத்தகத்தில் இருந்த எடை அப்படியே இருந்தது, கிலோ பிசகாமல். தரையில் நிற்கும்போது விமானத்தில் யாரும் இல்லை.

வீட்டில் அலர்மேல்மங்கை காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பதினாறு வருடத்தில் அவள் அப்படி வெறுமனே எதிரே உட்கார்ந்தது அபூர்வம்.

"ஏன்னா, தூக்கத்துல எதையோ எண்ணிண்டே இருக்கேள்."

"என்னத்தை?"

"ஒண்ணு, ரெண்டுன்னு. அப்பறம் நிறுத்திட்டு, யாருக்கோ காத்துண்டு இருக்கறாப்ல இருக்கேள். எனக்கு பயமா இருக்கு. அந்த ஏரோப்ளேன் சங்காத்தமே வேண்டாம்னு சொல்லிடுங்கோ."

"இன்னும் ரெண்டு வாரம்தான்," என்றார். காப்பியில் உப்பு வாடை அடித்தது. குடிக்காமல் எழுந்தார்.

முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார், உடம்பு சரியில்லை என்று. பூவராகவன் கோபக்காரர் இல்லை. "இன்னும் ரெண்டே ரெண்டு வாட்டி, ஸம்பத். ஒனக்கு அப்புறம் இத ஓட்டத் தெரிஞ்ச ஆள் நான் எங்க போய்த் தேடுவேன்?" என்றார். அது நியாயமாகத்தான் இருந்தது. எதிர்த்துப் பேச ஸம்பத்குமாரிடம் தெம்பும் இல்லை.

நான்காவது ஞாயிறு அவர் ஏரிக்கு மேலே போக விரும்பவில்லை. வேறு கோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்: ரயில் நிலையத்திலிருந்து மேற்கே, ஊத்துக்கோட்டைப் பக்கம். கிளம்பி, ஏறி, மேற்கே திரும்பியதாகத்தான் அவருக்கு நினைவு. வெயில் கண்ணில் அடித்தது. ஒரு கணம் இமை தாழ்ந்தது. ஒரே கணம்தான். திறந்தபோது வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எதிரே கலங்கரை விளக்கம்.

போகிற வேகம் நூற்றைந்து.

கீழே தண்ணீர்.

பின் இருக்கையில் மூச்சு கேட்டது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், மாறி மாறி, நீந்திக் களைத்தவர்கள் விடுகிற மூச்சு. அவர் கண்ணாடிக்கு வெளியே ஒரே புள்ளியைப் பார்த்தார். கழுத்து வலித்தது. கழுத்தைத் திருப்பவில்லை.

திரும்பும் இடம் வந்தது. திரும்பினார்.

விமானம் அமுங்கியது.

இந்த முறை பின்னால் இல்லை. பக்கத்தில். வலது பக்கத்துக் காலி இருக்கை. கடைக்கண்ணில் அதன் சிவப்பு ரெக்ஸின் தெரிந்தது. முதலில் ஓரம் தாழ்ந்தது. பிறகு நடு. பிறகு சாய்மானத்தில் முதுகளவுக்கு ஒரு பள்ளம், மெல்ல, சோர்ந்துபோனவன் சாய்வதுபோல். பள்ளத்தில் தண்ணீர் ஊறித் தேங்கியது. விளிம்பு நிறைந்து ஒரு சொட்டு கீழே விழுந்தது. இன்னொன்று.

பல் கிடுகிடுக்கிற சத்தம்.

குளிர். அவருடைய வலது கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை, ஐஸ் கட்டியை ஒட்டி வைத்ததுபோல்.

அவர்கள் எதுவும் செய்யவில்லை. தொடவில்லை. பேசவில்லை. ஏறி உட்கார்ந்து, கரைக்குப் போகக் காத்திருந்தார்கள். அவ்வளவுதான். அதுதான் தாங்க முடியவில்லை.

நூற்றிரண்டு.

எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. எஞ்சினை நிறுத்திய பிறகும் விமானத்தை ஓட்டும் கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தவரைத் தானியேல்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான். தோளில் கை போட்டுக் கொட்டகை நிழலுக்கு நடத்திக்கொண்டு போனான்.

"இன்னா சார் இப்படி ஜில்லுனு கீறீங்க? இருங்க, டீ வாங்கியாறேன்."

ஸம்பத்குமார் அவன் கையைப் பிடித்தார். சொல்லிவிட வேண்டும். இப்போதே. வாய் திறந்தது.

"அடுத்த வாரம் நானும் வரேன் சார்," என்றான் தானியேல், அவர் பேசுவதற்குள். "திட்டுங்களாண்ட எங்கனா ஒதுங்கியிருந்தா மேல இருந்து தெரியும் இல்ல? கிரேசு ராவெல்லாம் அதே சொல்லிகினு கீது. நீங்க வாணாம்னு சொல்ல மாட்டீங்கன்னு அதுக்குத் தெரியும்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. தலை மட்டும் ஆடியது.

ஐந்தாவது ஞாயிறு போகி. விடியற்காலையில் கொளுத்திய பழைய பாயும் துடைப்பமும் விட்ட புகை மாலை வரை வயல்களின் மேல் தாழ்ந்து கிடந்தது. கிரேஸ் ஓடுதளத்துக்கே வந்திருந்தாள். வெள்ளைப் புடவை, வெறும் கால், கையில் ஒரு பொட்டலம் சாமந்திப் பூ. பூவைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு ஸம்பத்குமாரைப் பார்த்தாள்.

"உங்களத்தான் சார் நம்பிகினு கீறேன்."

அவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவருக்கே காதில் விழவில்லை.

தானியேல் வலது இருக்கையில் ஏறி உட்கார்ந்து வாரைக் கட்டினான். அவனுக்கு முன்னாலும் ஒரு கைப்பிடி இருந்தது. தொடாமல் கைகளை மடியில் பூவோடு வைத்துக்கொண்டான். ஸம்பத்குமார் பின்னால் பார்த்தார். துணிந்து, நன்றாகத் திரும்பியே பார்த்தார். சிவப்பு ரெக்ஸின் உலர்ந்து, உப்பி, புதிதுபோல் இருந்தது.

சக்கரம் தரையை விட்டதும் அவருக்குப் புரிந்தது. கனம் இல்லை. மூக்கு தூக்கவில்லை. ட்ரிம் சக்கரத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார், விமானம் ரசமட்டம் வைத்ததுபோல் நின்றது. வாடை இல்லை. சொட்டுச் சத்தம் இல்லை. மூன்று மாதமாகக் கண்ணுக்குள் இருந்த மணல்கூட இல்லை. உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது, பல வருடத் தூக்கத்தை ஒரே நாளில் தூங்கி எழுந்ததுபோல.

போய்விட்டார்கள். தானியேலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சொந்தக்காரன் வந்ததும் நிம்மதியாகியிருக்கும். அவர் அழுகிற நிலையில் இருந்தார்.

இன்று சொல்லிவிடலாம். மேலே, யாரும் இல்லாத இடத்தில், இவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அடித்தாலும் சரி. ரயில் நிலையத்தின் ஓட்டுக்கூரை அடியில் வந்தது. பழக்கத்தில் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அமுக்கியது. சரி, இந்த ஒரு கோட்டை மட்டும் முடித்துவிட்டுச் சொல்லலாம். ஏழு நிமிடம்தானே.

தானியேல் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தான். ஏரி விரிந்தது. திட்டு, திட்டு, பறவைக் கூட்டம், வலை கட்டிய மூங்கில்கள். கலங்கரை விளக்கம் இறக்கைக்கு அடியில் நழுவியபோது அவர் அமுக்கினார். ஏழு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி.

"நூத்திப்பத்து!" என்றார் சத்தமாக. "தானியேல், நூத்திப்பத்து வந்துடுத்து! சரியாயிடுத்து!"

தானியேல் திரும்பவில்லை. எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது.

அட்டையில் எழுதப் பென்சிலை எடுத்தார். நூற்றுப்பத்து. புத்தகத்துக் கணக்கு. பாதி டாங்க் பெட்ரோல். மூவாயிரம் அடி. ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும்.

ஒருவர் மட்டும்.

பென்சில் நின்றது.

இன்று இரண்டு பேர். தானியேலும் குறைந்தது அறுபது கிலோ இருப்பான். நூற்றேழு வந்திருக்க வேண்டும். மறுபடி கூட்டினார். நூற்றேழு. வேகமானியின் முள்ளைப் பார்த்தார். நூற்றுப்பத்தில் அசையாமல் நின்றது.

ஒரே ஒரு ஆளின் எடையைத்தான் விமானம் சுமந்துகொண்டிருந்தது.

அந்த ஆள் பக்கத்தில் இருந்தான்.

"சார், அந்தத் திட்டாண்ட கொஞ்சம் எறக்குங்க," என்றபடி தானியேல் இந்தப் பக்கம் திரும்பினான். சொல் பாதியில் நின்றது. அவன் கண் ஸம்பத்குமாரின் முகம் இருந்த இடத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. அப்பால் இருந்த கண்ணாடிக்குப் போயிற்று. திரும்பி வந்தது.

"சார்?"

"இங்கதான் இருக்கேன்."

"சார்!" தானியேல் பின்னால் திரும்பிப் பார்த்தான். மடியிலிருந்த பொட்டலம் சரிந்து பூ கால்மாட்டில் சிதறியது. "சார், எங்க போனீங்க? சார்!"

"தானியேல், இங்கே பாரு. என்னைப் பாரு."

கைப்பிடியை இழுத்தார். இழுப்பதாக நினைத்தார். அது அசையவில்லை. விமானம் கோடு போட்டதுபோல் கிழக்கே போனது. ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல்மேடு பின்னால் போயிற்று. கீழே அலை. பிறகு அலையும் இல்லாத நீலம்.

"நான் பாத்தேன்டா," என்றார் ஸம்பத்குமார். "மூணு பேரையும் பாத்தேன். கையை ஆட்டினா. சட்டையைச் சுத்தினா. நான் பாத்தேன், தானியேல். பாத்துட்டுத்தான் வந்தேன். சொல்லணும்னு இருந்தேன். தூங்கிட்டேன். நான் சொல்றதைக் கேளு, கேக்கறதா? நான் பாத்தேன்."

தொண்டை கிழியக் கத்தினார். எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

தானியேல் கையை நீட்டினான். அது ஸம்பத்குமாரின் தொடை இருந்த இடத்துக்கு வந்தது, நிற்காமல் இறங்கியது, இருக்கையின் மேல் பதிந்தது. உப்பிய மெத்தையை அழுத்திப் பார்த்தது. இந்த ஓரம். அந்த ஓரம். பூட்டிய வார் ரெக்ஸினின் மேல் தட்டையாகக் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்தான். அதற்கு அடியிலும் தடவினான். மறுபடியும் தடவினான்.